முதலில் கிழக்கைப் பிடியுங்கள்

சடங்கு மந்திரம் என்றதும் எங்கள் குன்னூரில் எலுமிச்சம்பழத்தைத்தான் நினைப்பார்கள். நான் சொல்லப்போவது மேற்கத்திய வழி, சடங்கு செய்து தேவதூதர் போன்ற சக்திகளை அழைப்பது. சாலமன் அரசர் பெயரிலான மந்திர நூல்கள், 16-ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ஜான் டீயின் ஏனோக்கிய முறை (தேவதூதர் மொழி கொண்டது), ஆங்கில மந்திரவாதி அலிஸ்டர் குரோலியின் தெலீமா நெறி என்று பல கிளைகள். பழக, 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மந்திரச் சங்கத்தின் ஐம்முனை நட்சத்திரச் சடங்கே சுலபம்.

மூடுபனியில் சூரியனைத் தேடாமல் போனில் திசை பாருங்கள். கிழக்கு நோக்கி நெற்றி, நெஞ்சு, வலத்தோள், இடத்தோள் தொடுங்கள். அப்புறம் சுட்டுவிரலால் காற்றில் பெரிய நட்சத்திரம்: இடது கீழ்முனையில் தொடங்கி உச்சிக்கு, அங்கிருந்து வலது கீழ்முனைக்கு, கை தளராமல். வலமாகத் தெற்கு, மேற்கு, வடக்கிலும் அதுவே. நடுவில் கைவிரித்து ரஃபேல், காபிரியேல், மிக்கேல், ஊரியேல் என்ற தேவதூதர்களை அழையுங்கள். மறுபடி நெற்றி முதல் தோள்வரை தொட்டு முடியுங்கள். சாம்பிராணி கட்டாயமில்லை, குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போட்டால் இருமல்தான்.