செக் மொழியின் ‘ஸாம்’: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செக் மொழி கற்பவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் ‘ஸாம்’ என்னும் பெயரடைக்குத் ‘தனியாக’ என்ற ஒரே பொருளை மனப்பாடம் செய்துகொள்வதுதான் பின்னர் வரும் பிழைகள் பலவற்றுக்கும் வேர். அச்சொல் தனிமையைக் குறிக்கும். பிறர் உதவியின்றித் தானே செய்வதைக் குறிக்கும். ஒருவரை அழுத்திச் சுட்டவும் வரும். தனிமையால் ஏங்கும் மனநிலைக்கு ‘ஒஸம்ஞெலீ’ என்று வேறு சொல் உண்டு.

எந்தப் பொருள் என்பதைப் பெரும்பாலும் சொல் நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. ‘ப்ரெஸிடென்ட் தொ பொடெப்ஸல் ஸாம்’ என்றால், குடியரசுத் தலைவர் அதில் தாமே கையெழுத்திட்டார் என்று பொருள். அதே சொல்லை முன்னே வைத்து ‘ஸாம் ப்ரெஸிடென்ட் தொ பொடெப்ஸல்’ என்றால், கையெழுத்திட்டவர் யாரோ ஓர் அதிகாரி அல்லர், சாட்சாத் குடியரசுத் தலைவரே என்னும் வியப்பு ஏறிவிடுகிறது. இங்கே ‘தனியாக’ என்று பொருள் கொண்டால் செய்தியின் உயிரே போய்விடும்.

அடுத்தது உயிரெழுத்தின் அளவு. பெண்பாலில் இச்சொல் ‘ஸம’ என்று குறிலில் முடியும். ஈற்றை நீட்டி ‘ஸமா’ என்றால், ‘முழுக்க முழுக்க அதுவே’ என்னும் பொருள் தரும் வேறொரு வடிவம் ஆகிவிடும். ‘யெ ஸம’ என்றால் அவள் தனியாக இருக்கிறாள். ‘யெ ஸமா கொஸ்த்’ என்றால் அவள் எலும்பும் தோலுமாக இருக்கிறாள். ஒளித்துவைத்த பொருளைத் தேடும் குழந்தைகள் விளையாட்டில், தேடுபவர் விலகிப் போகும்போது மற்றவர்கள் ‘ஸமா வொட’, அதாவது வெறும் தண்ணீர்தான், என்று கூவுவதிலும் இந்த நெடில் வடிவமே வருகிறது. ஆகவே நெடிலைக் காட்ட எழுத்தின் மேல் இடும் சிறு சாய்கோட்டை அலங்காரமென்று எண்ணி விட்டுவிடக் கூடாது. குறில் நெடில் பேதத்தில் வளர்ந்த தமிழர் இதில் தவறுவதற்கு நியாயமே இல்லை.

நாம் உண்மையில் இடறக்கூடிய இடம் மரியாதைப் பன்மை. நம் ‘நீங்கள்’ போலவே செக் மொழியின் ‘வி’யும் ஒருவரை மதிப்போடு அழைக்க உதவும், உடன்வரும் ‘ஸ்தெ’ என்னும் வினையும் பன்மையே. ஆயினும் பெயரடை ஒருமையிலேயே நிற்கும். தனியாக வந்திருக்கும் பெரியவரிடம் ‘ஸ்தெ து ஸாம்?’ என்றும், அம்மையாரிடம் ‘ஸ்தெ து ஸம?’ என்றும் கேட்க வேண்டும். ‘ஸமி’ என்றால் கேள்வி பலரை நோக்கியதாகிவிடும்.

அந்த ‘ஸமி’யை எழுதுவதிலும் கவனம் தேவை. ஒலி ஒன்றுதான் என்றாலும், ஆண்களுக்கும் ஆண்பெண் கலந்த குழுவுக்கும் இறுதியில் ‘ஐ’ (i) என்னும் ரோமன் எழுத்தும், பெண்களுக்கு ‘வை’ (y) என்னும் எழுத்தும் வரும். குழந்தையைக் குறிக்கும் சொல் ஒருமையில் அஃறிணைப்பாலாக இருந்து பன்மையில் பெண்பாலாக மாறுவதால், சிறுவர்கள் மட்டுமே இருந்தாலும் ‘குழந்தைகள் தனியாக இருக்கிறார்கள்’ என்பதற்கு ‘வை’ எழுத்தே சரி.