புது பைக்குக்கு மூன்றாவது சாவி: எப்போது போடுவது, எங்கே போடுவது

புது வண்டி எடுத்த வாரத்திலேயே மூன்றாவதாக ஒரு சாவி போட்டுவிடுங்கள். திண்டுக்கல்லில் ஒரு பைக் ஷோரூமின் ஸ்பேர் கவுண்டரைப் பார்த்துக்கொள்பவள் நான். ஒரு சாவியைத் தொலைத்தவர் அதே வண்டியில் சாவகாசமாக வந்து விலை கேட்பார். இரண்டையும் தொலைத்தவர் ஆட்டோவில் வந்து இறங்குவார். இருவருக்கும் நான் சொல்லும் தொகை ஒன்றாக இருக்காது. சில வண்டிகளில் அந்த வித்தியாசம் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகும். கையில் ஒரு சாவி உயிரோடு இருக்கும்வரை எல்லாம் சுலபம், அதுவும் போய்விட்டால் மாற்ற வேண்டியது சாவியை மட்டுமல்ல என்பதைப் பலர் கவுண்டருக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

டெலிவரி அன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. சாவிகளோடு சின்ன அலுமினியத் தகடோ பிளாஸ்டிக் அட்டையோ கட்டியிருக்கும், அதில் ஒரு நம்பர் இருக்கும். சில வண்டிகளில் அந்த நம்பர் சாவியிலேயே பொறித்திருக்கும். அதுதான் சாவி நம்பர். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துப் படம் எடுக்கிற அவசரத்தில் அந்தத் தகடு எங்கேயோ விழுந்துவிடும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தகட்டை ஆர்.சி., இன்சூரன்ஸ் பேப்பர் இருக்கும் ஃபைலில் போட்டுவிடுங்கள். சாவி வளையத்திலோ சீட்டுக்கு அடியிலோ வைக்க வேண்டாம். வண்டியோடு சேர்ந்து தொலைகிற இடத்தில் அதை வைத்து என்ன பயன்? இன்னொன்று, டெலிவரி படத்தை ஸ்டேட்டஸில் போடும்போது சாவியைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டாதீர்கள். பல்லும் நம்பரும் தெளிவாகத் தெரிந்தால் அதைப் பார்த்தே சாவி செய்ய முடியும்.

அடுத்து, உங்களுடையது எந்த வகைச் சாவி என்று பாருங்கள். செலவு முழுக்க அதைப் பொறுத்ததுதான்.

இரண்டு ஓரத்திலும் பல் வெட்டிய சாதாரணச் சாவி என்றால் கவலையே வேண்டாம். ரோட்டோரக் கடையில் 100, 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தகட்டின் நடுவில் பாம்பு நெளிந்த மாதிரி பள்ளம் ஓடும் சாவி என்றால் அதற்குத் தனி மெஷின் வேண்டும். எல்லாக் கடையிலும் அது இருக்காது, கூலியும் கூடும். இரண்டுக்கும் பொருந்தும் ஒரு விஷயம்: கடைக்குக் கொண்டுபோக வேண்டியது பீரோவில் தூங்கும் இரண்டாவது சாவியை. தினமும் போட்டுத் திருகுகிற சாவியில் பல் தேய்ந்திருக்கும். மெஷின் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டும். அப்படி வெட்டிய சாவியிலிருந்து இன்னொன்று போட்டால், கடைசியில் அசைத்து அசைத்துத்தான் பூட்டைத் திறக்க வேண்டியிருக்கும்.

எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாவியே இல்லாமல் பூட்டிலிருந்தே சாவி எடுக்கிற கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. வெட்டாத சாவியைப் பூட்டுக்குள் விட்டு, குறட்டால் பிடித்து லேசாக இருபுறமும் திருகி வெளியே எடுப்பார்கள். பிறகு வெயிலுக்குச் சாய்த்துப் பார்ப்பார்கள். உள்ளே தகடு உரசிய இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பளபளப்பு தெரியும். அங்கே மட்டும் அரத்தால் ராவிவிட்டு மறுபடி உள்ளே விடுவார்கள். தடம் விழாத இடத்தில் அரம் படவே படாது. இப்படியே மாறி மாறிச் செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று பூட்டு திரும்பும். சாதாரணச் சாவி வண்டிக்கு இரண்டும் தொலைந்தாலும் இப்படிப்பட்ட ஒருவர் கிடைத்தால் பிழைத்தீர்கள். லாக் செட்டை, அதாவது வண்டியின் எல்லாப் பூட்டுகளையும் சாவியோடு சேர்த்து, மாற்றச் சொல்லும் முன்னால் நானே இவர்களிடம் அனுப்பிவைப்பதுண்டு.

சாவியின் தலையில் அறுகோணமாகவோ முட்டை வடிவிலோ ஒரு முண்டு இருக்கிறதா? அது மேக்னட். இக்னிஷன் துவாரத்தை மூடும் ஷட்டரைத் திறப்பதற்கானது. பல ஸ்கூட்டர்களிலும் சில பைக்குகளிலும் இது உண்டு. அதற்குள் இருக்கும் காந்தத் துண்டுகளின் வரிசை எல்லா வண்டிக்கும் ஒன்றாக இருக்காது. கடையில் போட்ட சாவி இக்னிஷனில் சுகமாகத் திரும்பும், ஷட்டர் மூடியிருந்தால் மட்டும் திறக்காது. தெருவில் விளையாடும் பிள்ளைகள் ஷட்டரை அமுக்கி மூடிவிட்டுப் போன அன்றைக்குத்தான் அது தெரியவரும். ஆகவே காசு கொடுக்கும் முன் ஷட்டரை மூடி, புதுச் சாவியின் முண்டாலேயே திறந்து பாருங்கள். இக்னிஷன், ஹேண்டில் லாக், பெட்ரோல் மூடி, சீட் லாக் என்று எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அழுத்தித் திருகாதீர்கள், திருப்பிக் கொடுத்து ராவச் சொல்லுங்கள். பூட்டில் எண்ணெய் விடுவதையும் தவிர்க்கலாம், தூசியை இழுத்துப் பிசினாக்கிவிடும். கிராபைட் பவுடர் போதும்.

இனி சிப் சாவி. செலவும் அலைச்சலும் இங்கேதான். இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு உள்ள வண்டிகளில், பெரும்பாலும் விலை கூடிய பைக்குகளில், சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியை ஆன் செய்ததும் அந்தச் சுருள்தான் சிப்புக்கு மின்சக்தி கொடுக்கிறது. சிப் தன் கோடைச் சொல்லும், வண்டியின் கம்ப்யூட்டர் அதைச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ரோட்டோரத்தில் வெட்டிய சாவி பெட்ரோல் மூடியைத் திறக்கும், இக்னிஷனிலும் திரும்பும், வண்டி மட்டும் கிளம்பாது. பெருநகரங்களில் சில வகைச் சிப்புகளை நகலெடுக்கும் கருவி வைத்திருக்கும் கடைகள் உண்டு. அங்கே போனால் இன்ஜின் ஓடுவதைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

கம்பெனி வழியில் போவதென்றால் சாவியை ஆர்டர் செய்து, வரவழைத்து, வெட்டி, பிறகு வண்டியில் பதிய வேண்டும். ஆர்.சி. நகல், அடையாள அட்டை, சாவி நம்பர் மூன்றையும் கையோடு கொண்டுவாருங்கள். வண்டியையும் இருக்கிற எல்லாச் சாவிகளையும் கொண்டுவர வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உதாரணமாக, ஹோண்டாவின் இம்மொபிலைசரான ஹிஸ் முறையில் நான்கு சாவிகள் வரை பதியலாம். ஆனால் புதுச் சாவியைப் பதியும்போது அந்த நேரம் கையில் இல்லாத சாவிகளின் பதிவு அழிந்துவிடும். ஒன்றை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அதற்காக மறுபடி வர வேண்டியதுதான். பதிவான சாவி ஒன்றுகூட இல்லையென்றால் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டிவரும். அதோடு லாக் செட்டும் சேர்ந்தால் பில் ஐந்து இலக்கத்துக்குப் போய்விடும்.

இம்மொபிலைசர் உள்ள யமஹா வண்டிகளில் கறுப்புத் தலைச் சாவி இரண்டோடு சிவப்புத் தலைச் சாவி ஒன்றும் தருவார்கள். கே.டி.எம்.மில் அது ஆரஞ்சு. அந்த நிறச் சாவி ஓட்டுவதற்கானது அல்ல, மற்றச் சாவிகளைப் பதிவதற்கானது. யமஹாவில் அந்தச் சிவப்புச் சாவி போய்விட்டால் புதுச் சாவியைப் பதியவே முடியாது, இம்மொபிலைசர் அமைப்பையே மாற்ற வேண்டும். நிறம் அழகாக இருக்கிறதென்று அதையே தினமும் ஓட்டப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து இன்றைக்கே அதைக் கழற்றி உள்ளே வையுங்கள். இரண்டு சிப் சாவிகளை ஒரே வளையத்தில் போடவும் வேண்டாம், ஒன்றின் சிக்னல் மற்றதைக் குழப்பும்.

ஸ்மார்ட் கீ வண்டிகள், 2023இல் வந்த ஆக்டிவா எச்-ஸ்மார்ட் போன்றவை, வேறு ரகம். பையில் ரிமோட் இருந்தால் போதும், வண்டி ஆன் ஆகும். அதில் இருப்பது சின்ன பட்டன் பேட்டரி. டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தவுடன் மாற்றிவிடுங்கள். கூடவே கொடுக்கும் ஐ.டி. அட்டை, அவசரச் சாவி எதுவானாலும் ரிமோட்டோடு சேர்த்துக் கட்டாமல் வீட்டில் வையுங்கள்.

இரண்டு அசல் சாவிகளையும் பத்திரமாக வைக்கச் சொல்வதற்கு இன்னொரு முக்கியமான காரணம் இன்சூரன்ஸ். வண்டி திருடுபோனால், எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி.யோடு அசல் சாவிகள் இரண்டையும் கேட்பார்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால், வண்டியிலேயே சாவியை விட்டுவிட்டுப் போனீர்களா என்ற கேள்வி வரும், கிளெய்ம் இழுபடும். அதனால் தினசரி உபயோகத்துக்குப் புதிதாகப் போட்ட மூன்றாவது சாவியை வைத்துக்கொள்ளுங்கள். அசல் இரண்டும் வீட்டில் இருக்கட்டும், முடிந்தால் வேறு வேறு இடத்தில். அசல் சாவி தொலைந்தால் அன்றோ மறுநாளோ போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பி வையுங்கள். லாக் செட் மாற்றினால் அந்த பில்லையும் பழைய சாவியையும் தூக்கிப் போடாதீர்கள். சாவி தொலைந்தால் ஈடுகட்டும் கூடுதல் கவர் பெரும்பாலும் கார்களுக்குத்தான் விற்கப்படுகிறது. புதுப்பிக்கும்போது உங்கள் பைக்குக்கும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

சில தனியார் பைனான்ஸ்காரர்கள் கடன் முடியும்வரை ஒரு சாவியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், சாவி நம்பரைக் குறிப்பிட்டு ‘பெற்றுக்கொண்டோம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிவப்புச் சாவியை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். கடைசித் தவணை கட்டுகிற அன்று என்.ஓ.சி.யோடு (கடன் பாக்கி இல்லை என்ற தடையில்லாச் சான்று) சாவியையும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலை பேசும்போதே இரண்டு சாவியையும் மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். ‘இன்னொன்று ஊரில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன்’ என்றால், லாக் செட் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். சாதாரண 100, 125 சி.சி. வண்டிகளுக்கு அது ஓரிரண்டு ஆயிரத்தில் முடியலாம். சிப் சாவி வண்டி என்றால் இரண்டு சாவியாலும் தனித்தனியாக இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.