நாயோடு கேபினில் பறக்க: டிக்கெட்டுக்கு முன்னால் தராசு

சென்னையிலிருந்து டெல்லி போன்ற உள்நாட்டுப் பயணத்துக்கு, நாயைக் காலடியிலேயே வைத்துக் கூட்டிப்போகும் வழி இது. வெளிநாட்டுக்கு விதிகள் வேறு. லண்டன் போகிறவர்களுக்கு இந்த வழி உதவாது. பிரிட்டனுக்குள் வளர்ப்பு நாய்கள் விமானத்தில் சரக்காக மட்டுமே வரலாம்.

படி 1: எடை

விமான நிறுவனம் சொல்லும் வரம்பு நாயின் எடை மட்டுமல்ல, பையும் சேர்த்து. பலர் கவுன்ட்டரில் மாட்டுவது இங்கேதான். 6 கிலோ பொமரேனியனை 2 கிலோ பையில் வைத்தால் 8 கிலோ. வரம்பு 7 என்றால் கதை முடிந்தது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் 7 கிலோவில் தொடங்கி, பிறகு 10 கிலோவாக உயர்த்தியது. ஏர் இந்தியாவின் வரம்பை முன்பதிவுக்கு முன் அவர்கள் தளத்தில் பாருங்கள், அடிக்கடி மாறுகிறது. இண்டிகோவில் சேவை நாய்களுக்கு மட்டுமே இடம்.

பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்குங்கள். நாயைப் பைக்குள் வைத்து, விரிப்பும் போட்டு, மொத்தமாகத் தொங்கவிடுங்கள். வரம்புக்கு அரை கிலோவாவது கீழே இருக்க வேண்டும். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒரே எண்ணைக் காட்டும் என்று நம்பாதீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற பெரிய இன நாய்களுக்கெல்லாம் இந்த வழியே கிடையாது.

படி 2: பை

துணிப் பைதான். பிளாஸ்டிக் கூண்டு எடையைத் தின்றுவிடும், இருக்கைக்கு அடியில் வளைந்தும் கொடுக்காது. மூன்று பக்கமாவது வலை வேண்டும். நாய் உள்ளே எழுந்து நின்று திரும்பிப் படுக்க முடிய வேண்டும். நீள, அகல, உயர வரம்பை நிறுவனத்திடம் கேட்டபிறகே வாங்குங்கள். ஜிப்பின் இரண்டு தலைகளையும் சேர்த்து மாட்டச் சிறு கொக்கி அவசியம்; மூக்கால் முட்டியே ஜிப்பைத் திறக்கும் நாய்கள் உண்டு.

படி 3: பழக்குவது

ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். முதல் வாரம் பையைத் திறந்தபடி கூடத்தில் போட்டு, உங்கள் பழைய லுங்கியை விரித்து, சாப்பாட்டை உள்ளேயே வையுங்கள். ஜிப்பை மூடுவது அதற்குப் பிறகுதான்: ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி.

தரையில் பையில் அமைதியாகத் தூங்கும் நாய், பையைத் தோளில் மாட்டியதும் ஊளையிடும். காரணம் பயமல்ல, அடித்தளம். துணி நடுவில் தொய்ந்து, நாய் ஒரு மூலைக்குச் சரிகிறது. கால் ஊன்ற இடமில்லை. அடியில் பொருந்தும் அளவுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பலகை ஒன்றை வெட்டிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். போட்டபின் மறுபடி எடை பாருங்கள். அடுத்து ஆட்டோவில் ஒரு சுற்று, பிறகு நாற்காலிக்கு அடியில் தொடர்ந்து இரண்டு மணி நேரம். டெல்லி விமானம் மூன்று மணி நேரத்துக்குப் பக்கம். நிலையத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால் பையில் ஆறு மணி நேரம்.

படி 4: காகிதங்கள்

ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, பயணத்துக்குத் தகுதி என்ற கால்நடை மருத்துவர் சான்று. இரண்டாவது எத்தனை நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மருத்துவரின் பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாக இருக்கட்டும். அசலோடு மூன்று நகல்.

தூக்க மாத்திரை கேட்காதீர்கள். இரத்த அழுத்தத்தை இறக்கும். கேபின் காற்றழுத்தமோ 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம், ஏறக்குறைய ஊட்டி. பக், புல்டாக், ஷீட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மாத்திரை இல்லாமலேயே ஆபத்து. மருத்துவர் சரி சொல்லாமல் அவற்றைக் கிளப்பாதீர்கள்.

படி 5: டிக்கெட்

ஒரு விமானத்தில் ஓரிரு நாய்களுக்கே இடம் தருவார்கள். ஆகவே உங்கள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே நாய்க்கு இடம் உண்டா என்று போனில் கேளுங்கள். நேரடி விமானமாகவும், வெயில் ஏறுமுன் கிளம்புவதாகவும் பாருங்கள். வெப் செக்-இன் செய்யாதீர்கள், கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும்.

படி 6: அன்றைக்கு

கடைசிச் சாப்பாடு ஐந்து மணி நேரத்துக்கு முன், பாதி அளவில். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். நிலைய வாசலுக்கு வெளியே மூத்திரம் போக வையுங்கள். உள்ளே போனபின் வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் பை எக்ஸ்ரேக்குள் போகும், நாய் உங்கள் கையில் வரும். தட்டுகள் மோதும் சத்தத்தில் துள்ளி இறங்கப் பார்க்கும். உலோகக் கொக்கி இல்லாத துணிப் பட்டியும் கயிறும் முன்பே மாட்டி, கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்ட பிறகே பையைத் திறங்கள்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். வலை வழியாக ஒரு மெல்லும் குச்சி கொடுத்தால் எச்சில் விழுங்கும், அடைப்பு விடும். பையை மட்டும் திறக்கக் கூடாது, தலையை நீட்டினாலே பணியாளர் வருவார்.

டெல்லியில் இறங்கியதும் முதலில் தண்ணீர். சாப்பாடு அரை மணி கழித்து. டாக்சிக்காரரிடம் நாய் இருப்பதை ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.