வாடகை வீடு தன் செலவைத் தானே தாங்க: சிறு முதலீட்டாளருக்கான கணக்கு

வாடகையிலிருந்து இஎம்ஐயை, அதாவது வீட்டுக் கடனின் மாதத் தவணையைக் கழித்து, மிச்சம் நின்றால் லாபம் என்று எடுத்துக்கொள்வதில்தான் ஒன்றிரண்டு வீடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். வாடகை மாதாமாதம் வரும். செலவு அப்படி வராது. சொத்து வரி வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும். பெயின்டிங் சில வருஷத்துக்கு ஒரு முறை. தண்ணீர் மோட்டார் எப்போது எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த எப்போதாவது வரும் செலவுகளை மாதக் கணக்காக உடைத்து, வாடகை வந்த அன்றே ஒதுக்கிவிட வேண்டும். அதைச் செய்யாத வீடு உங்கள் சம்பளத்தைத்தான் தின்னும்.

மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் ஒரு மாதம் வீடு காலியாக நிற்கும் என்று கொண்டால் 8 போய்விடும். வரிக்கும் காப்பீட்டுக்கும் 9, சின்னச் சின்ன ரிப்பேருக்கு 8, பெரிய செலவுகளுக்கான நிதிக்கு 10. பராமரிப்புச் சங்கக் கட்டணம், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கூலி, புரோக்கர் கமிஷன் எல்லாம் சேர்த்து 10. மொத்தம் 45. கையில் நிற்பது 55. உங்கள் வீட்டுக்கு இந்த எண்கள் கூடலாம், குறையலாம். கடந்த இரண்டு வருஷ பில்களை எடுத்துவைத்துச் சொந்தக் கணக்கைப் போடுங்கள். ஆனால் எந்தச் செலவுக்கும் பூஜ்யம் போடாதீர்கள். போன வருஷம் ஒரு ரிப்பேரும் வரவில்லை என்றால், அது இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த 55 முழுவதையும் இஎம்ஐக்குக் கொடுத்துவிடக் கூடாது. இஎம்ஐயைப் போல 1.25 மடங்காவது கையில் நிற்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இஎம்ஐ 44-ஐத் தாண்டக் கூடாது. 9 சதவீத வட்டியில் 20 வருஷக் கடனுக்கு, ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 900. எனவே 44 தவணை தாங்கும் கடன், மாத வாடகையைப் போல ஏறக்குறைய 49 மடங்கு. வீட்டின் விலை 100 மாத வாடகைக்குச் சமம் என்றால் பாதி விலைக்குக் கடன் வாங்கலாம். 300 மாத வாடகைக்குச் சமம் என்றால் ஆறில் ஒரு பங்குக்குத்தான் வாங்கலாம். மீதியைச் சொந்தப் பணமாகப் போட வேண்டும். வீட்டை விற்பவருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே போட வேண்டிய கணக்கு இது. வாங்கிய பிறகு போட்டால் வருத்தம்தான் மிஞ்சும்.

மாறும் வட்டிக் கடனில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வட்டி ஏறும்போது சில இடங்களில் தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டிவிடுவார்கள். மாதம் அதே 900 போவதால் பலருக்கு விஷயமே தெரியாது. கடன் தொடக்கத்திலேயே 9 சதவீதம் 10 ஆனால், அதே தவணையில் 20 வருஷம் 26 வருஷத்தைத் தாண்டிவிடும். 11 ஆனால் ஒரு லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே சுமார் 917. நீங்கள் கட்டும் 900 வட்டிக்கே போதாது, அசல் வளர ஆரம்பிக்கும். ஆகவே வட்டி மாறிய ஒவ்வொரு முறையும் கடன் அறிக்கையை வாங்கி, மீதிக் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள். கூடியிருந்தால் தவணையை ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பெரிய செலவுகளுக்கான நிதியைக் குத்துமதிப்பாக வைக்க வேண்டாம். வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள்: மொட்டைமாடி நீர்த்தடுப்புப் பூச்சு, மோட்டார், வாட்டர் ஹீட்டர், வயரிங், குளியலறைக் குழாய்கள், பெயின்ட். ஒவ்வொன்றுக்கும் மாற்றும் செலவை, இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதால் வகுங்கள். 60,000 ஆகும் பெயின்டிங் இன்னும் 60 மாதத்தில் வரும் என்றால் மாதம் 1,000. பழைய வீட்டை வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எல்லாப் பொருளும் ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருப்பதால் வகுக்கும் எண் சின்னதாகி, மாத ஒதுக்கீடு எகிறிவிடும். அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேச வேண்டும்.

ரிப்பேர் செலவை அதிகம் ஏற்றுவது தண்ணீர்தான். குடித்தனக்காரர் மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் போட்டோ எடுங்கள். அரை மணி கழித்து மறுபடி எடுங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. அடுத்து, ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் சாயம் கலந்து, கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் உள்ளேயுள்ள ரப்பர் வால்வு போய்விட்டது. அது மலிவான பொருள். ஆனால் சுவருக்குள் கசியும் குழாயை விட்டுவைத்தால் பூச்சு உதிர்ந்து, கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பெயரும் அளவுக்குப் போகும். மழைக்காலத்துக்கு முன்பு மொட்டைமாடி வடிகால் வாய்களில் அடைந்த சருகையும் அள்ளிவிடுங்கள். மேற்கூரை ஒழுகலுக்குத் தேங்கும் நீர் ஒரு முக்கியக் காரணம்.

வாடகையை ஏற்றும்போதும் கணக்குப் பார்க்க வேண்டும். 5 சதவீதம் ஏற்றியதால் ஒழுங்காக வாடகை தரும் குடித்தனக்காரர் கிளம்பி, வீடு ஒரு மாதம் காலியாக நின்றால், இழந்த அந்த ஒரு மாத வாடகையை மீட்க 20 மாதம் ஆகும். இதில் பெயின்டிங்கும் கமிஷனும் சேரவில்லை. அதற்காக வருஷக்கணக்கில் ஏற்றாமல் விடுவதும் தப்பு. வரியும் கூலியும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். வருஷா வருஷம் கொஞ்சம் ஏற்றுவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவதுதான் இருவருக்கும் நல்லது. பல்பு, குழாய் வாஷர் யார் பொறுப்பு, மோட்டார், வயரிங் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் எல்லா மீட்டர்களையும் இருவரும் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டில் மூன்று விஷயம். சொந்தக் குடியிருப்பு என்று எடுத்த பாலிசி, வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் செல்லாமல் போகலாம். நிறுவனத்துக்குத் தெரிவித்து எழுத்தில் பதில் வாங்குங்கள். பல பாலிசிகளில் வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் பூட்டிக் கிடந்தால் பாதுகாப்பு குறைந்துவிடும். காப்பீட்டுத் தொகை, வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவுக்கு இருந்தால் போதும், நிலத்தின் விலைக்குப் பிரீமியம் கட்டத் தேவையில்லை.

பணத்தை மூன்று கணக்கில் வையுங்கள். வாடகை வந்து இஎம்ஐ, வழக்கமான செலவு போவது ஒன்று. பெரிய செலவு நிதியும் அவசர இருப்பும் இன்னொன்று. அவசர இருப்பு, இஎம்ஐயும் செலவும் சேர்ந்து ஆறு மாதத்துக்குத் தாங்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறையவே கூடாது. மூன்றாவது, குடித்தனக்காரர் கொடுத்த அட்வான்ஸ். அது அவர் பணம். அதை ரிப்பேருக்கு எடுத்துவிட்டு, அடுத்தவர் அட்வான்ஸில் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்பினால், வீடு இரண்டு மாதம் காலியாக நிற்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வரிக் கணக்குக்கு ஒவ்வொரு பில்லையும் வையுங்கள். இஎம்ஐயில் அசல் போகும் பகுதி செலவாகாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் கைக்காசு போடுகிறீர்கள் என்றால், முதலில் வாடகை அக்கம்பக்க அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குறைந்த வட்டிக்குக் கடனை மாற்ற முடியுமா என்று பாருங்கள்: மாற்றும் கட்டணத்தை மாதச் சேமிப்பால் வகுத்தால், எத்தனை மாதத்தில் போட்டது திரும்பும் என்று தெரியும். அதைவிட அதிகக் காலம் வீட்டை வைத்திருப்பீர்கள் என்றால் மாற்றுங்கள். கையில் மொத்தமாகப் பணம் வந்தால், அவசர இருப்பு நிரம்பிய பிறகு அசலில் கட்டித் தவணையைக் குறையுங்கள். இவை எதுவும் கைகொடுக்காத வீட்டை, தவணை தவறும் முன்பே, நல்ல விலைக்குக் காத்திருக்க நேரம் இருக்கும்போதே விற்றுவிடுங்கள்.