பிளெய்ன் டி-ஷர்ட் எடுக்கும்போது ஜிஎஸ்எம்மில் ஏமாறும் இடங்கள்

போன வாரம் திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, சொந்தமாக பிராண்ட் ஆரம்பிக்கிறாராம். "அண்ணா, 180 ஜிஎஸ்எம்தானே? அப்ப 400 பீஸ் போட்டுருங்க" என்று சொல்லிக்கொண்டே பணம் அனுப்ப போனை எடுத்தார். ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒரு கடையில் நின்று இதையேதான் சொன்னேன். மனசு கேட்கவில்லை, வெளியே கூப்பிட்டுப் பேசினேன். துணியின் எடையைச் சொல்லும் இந்த ஜிஎஸ்எம் எண்ணைப் பற்றி அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சைஸ் சரிபார்ப்பது, சாயம் போகிறதா என்று பார்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

துவைக்காத துணியின் எடையை நம்புவது

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் ஜிஎஸ்எம். எந்த நிலையில் இருக்கும் துணி என்பதை அந்த எண் சொல்லாது. என் பணம் போனது அங்கேதான்.

முதலில் 50 பீஸ் வாங்கினேன், நன்றாகப் போனது. அடுத்து கறுப்பில் 300 பீஸ். அதே 180, அதே விலை. பிரிண்ட் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து போட்டோக்கள் வர ஆரம்பித்தன. கையைத் தூக்கினால் வயிறு தெரிகிறது. 28 அங்குல உயரம் இருந்த டி-ஷர்ட் 26 அங்குலத்துக்கு வந்திருந்தது. பிரிண்ட் போட்ட பீஸை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

தெரிந்த கட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் கொண்டுபோனேன். துவைக்காத ஒரு பீஸை ரப்பர் அட்டை மேல் விரித்து, ஜிஎஸ்எம் கட்டரை வைத்து அழுத்தித் திருப்பினார். உள்ளங்கை அளவில் வட்டமாக ஒரு துண்டு வந்தது. சின்னத் தராசில் 1.80 கிராம். அந்த வட்டம் சரியாக 100 சதுர சென்டிமீட்டர், அதனால் நூறால் பெருக்கினால் 180. கடைக்காரர் சொன்ன எண் உண்மைதான். அப்புறம் துவைத்த பீஸில் ஒரு வட்டம் வெட்டினார். 1.93.

"துணியை இழுத்துட்டாங்கங்க. துவைச்சதும் அது தன் அளவுக்குத் திரும்பிருச்சு" என்றார்.

சாயப்பட்டறையிலிருந்து வரும் பின்னல் துணி ஈரத்திலும் காயவைக்கும்போதும் நீளவாக்கில் இழுபட்டிருக்கும். காம்பாக்டிங் மிஷினில் நீராவியும் சூடும் கொடுத்து அதை மறுபடி நெருக்கிச் சுருக்க வேண்டும். அதை அரைகுறையாகச் செய்தால் துணி இழுபட்டபடியே கட்டிங் டேபிளுக்குப் போய்விடும். துணி வாங்குவது கிலோ கணக்கில், டி-ஷர்ட் விற்பது பீஸ் கணக்கில். இழுபட்ட துணியில் ஒரு கிலோவுக்குக் கூடுதலாக பீஸ் கிடைக்கும். அந்த லாபம் உற்பத்தி செய்தவருக்கு, சுருங்கும் நஷ்டம் நமக்கு. இன்றைக்கும் யாராவது "180 கேரண்டி சார்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

எனவே இதை மட்டும் செய்யுங்கள். ஆர்டர் போடுவதற்கு முன் இரண்டு பீஸ் வாங்குங்கள். ஒன்றில், துவைக்காமல், மூன்று இடங்களில் வெட்டி எடை பாருங்கள். கட்டர் இல்லாவிட்டால் 10 சென்டிமீட்டருக்கு 10 என்று அட்டையில் சதுரம் செய்துகொண்டு அதே அளவுக்குக் கத்தரியுங்கள். நகைத் தராசு போல 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். இன்னொன்றின் உடம்பில் நீளவாக்கில் 25 சென்டிமீட்டர் கோடு போட்டு மூன்று முறை துவைத்து, நன்றாகக் காயவிட்டு, கோட்டை அளந்து பாருங்கள். நான் 5 சதவீதச் சுருக்கத்துக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. அப்புறம் அதையும் வெட்டி எடை பாருங்கள். இரண்டு எடைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தத் துணி வேண்டாம். மழைநாளில் பருத்தி ஈரம் இழுத்து எடை கூடக் காட்டும், இரண்டையும் ஒரே நாளில் ஒரே அறையில் வைத்துப் பாருங்கள்.

எடை கூடினால் தரம் கூடும் என்று நினைப்பது

எடையை மட்டும் பார்க்காதீர்கள், நூலின் கவுண்ட்டையும், அதாவது நூல் எவ்வளவு மெலிசு என்று சொல்லும் எண்ணையும், கேளுங்கள். எண் ஏற ஏற நூல் மெலிசு. டி-ஷர்ட்டுக்கு வழக்கமாக எடுக்கும் வழவழப்பான ஒற்றைப் பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் 30 கவுண்ட் நூல் 140 முதல் 160 ஜிஎஸ்எம் வரை வரும், 24 கவுண்ட் 180 பக்கம் வரும், 20 கவுண்ட் என்றால் 200ஐத் தாண்டும். நூல் கோம்டா கார்டடா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கோம்டில் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவார்கள், அதனால் மேலே பிசிறு எழுவது குறைவு. கார்டடில் அந்தச் சீவல் கிடையாது. 240 ஜிஎஸ்எம் கார்டட் டி-ஷர்ட் கையில் கனமாக இருக்கும், நாலு துவைப்பில் சொரசொரப்பாகிவிடும். 160 கோம்ட் வருடக்கணக்கில் உழைக்கும். ஓவர்சைஸ் வடிவம் விறைப்பாக நிற்க 220, 240 தேவைதான், அது ஃபேஷனுக்காக. சென்னையில் மே மாதம் விற்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் முழுக்க நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஜெர்சி 220ஐ பிக்கே 220உடன் ஒப்பிடுவது

பிக்கே என்பது போலோ டி-ஷர்ட்டில் வரும் மேடுபள்ளமான பின்னல். பின்னல் வேறு, எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒரே எடையில் எடுப்பது

வெள்ளையில் 180க்குக் கீழே போகாதீர்கள், உள்ளே இருப்பது தெரியும்.

அவுன்ஸைக் கண்டு குழம்புவது

அமெரிக்க கேட்லாக்கில் ஒரு சதுர கஜத்துக்கு அவுன்ஸ் கணக்கு. 34ஆல் பெருக்குங்கள்: 5.3 அவுன்ஸ் என்றால் 180 ஜிஎஸ்எம்.

முதல் லாட்டோடு சோதனையை நிறுத்துவது

என் முதல் 50 பீஸும் பின்னால் வந்த 300 பீஸும் ஒரே கடை, ஆனால் வேறு வேறு சாய லாட், அதாவது வேறு வேறு தடவை சாயம் போட்ட துணி. லாட் மாறும்போதெல்லாம் ஒரு பீஸை வெட்டுங்கள்.