சி.சி.யை விடுங்கள், வகுத்துப் பாருங்கள்

பழைய பெரிய எஞ்சின் காரா, புதிய சின்ன காரா என்று குழம்பினால் சி.சி.யை ஒப்பிடாதீர்கள். குதிரைத்திறனைக் காரின் எடையால், அதாவது டன் கணக்கில், வகுத்துப் பாருங்கள். இரண்டுமே காரின் கையேட்டில் இருக்கும். எதற்குப் பெரிய விடை வருகிறதோ அதுதான் பொதுவாக வேகமாகக் கிளம்பும்.

சி.சி. என்பது சிலிண்டர்களின் கொள்ளளவு மட்டுமே. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் 1000 சி.சி. எஞ்சினே 100 குதிரைத்திறன் தந்துவிடும். கார் 1 டன் என்றால் விடை 100. பழைய 2000 சி.சி. கார் 120 தந்தாலும், எடை 1.4 டன் என்றால் 86தான்.

ஆனால் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகப் போகிறவர் என்றால் இரண்டு எடையிலும் 0.4 டன்னைக் கூட்டிவிட்டு வகுங்கள். இப்போது 71, 67. பெரிய வித்தியாசமே இல்லை, பார்த்தீர்களா? சரி, டர்போ சின்ன எஞ்சினுக்கு இன்னொரு குணம் உண்டு: எஞ்சினின் சுழற்சி வேகம் ஏறும்வரை கொஞ்சம் சோம்பும். மேட்டில் நின்று நின்று கிளம்பும்போது அது தெரியும். டீசலையும் பெட்ரோலையும் ஒப்பிடவும் இந்தக் கணக்கு போதாது. அங்கே டார்க், அதாவது எஞ்சினின் திருப்புவிசை, எத்தனை, எந்தச் சுழற்சி வேகத்தில் கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அப்புறம், கையேட்டில் உள்ளது புது எஞ்சினின் எண். நன்றாகத் தேய்ந்த எஞ்சினில் அத்தனையும் மிச்சமிருக்காது.