கொலாஜன் குறைந்தது என்று எழுதும் முன்

கோழிக் கருவின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை, கோழிக்குப் புற்று உண்டாக்கும் ரௌஸ் சார்கோமா வைரஸ் புற்றுச் செல்களாக மாற்றினால், திசுக்களைத் தாங்கும் நார்ப் புரதமான கொலாஜனின் முதல் வகை உற்பத்தி நன்றாகவே குறையும். இது பழைய, உறுதியான முடிவு. ஆனால் இதைக் காட்டும் சோதனையைத் தவறாகச் செய்து, சரியான விடையைத் தற்செயலாகப் பெறுவதும் சுலபம்.

முதல் குழப்பம், வைரஸ் தொற்றினாலே செல் மாறிவிட்டது என்று நினைப்பது. மாற்றுவது வைரஸ் சுமந்து வரும் சார்க் ஜீன். அது இல்லாத உறவுக்கார வைரஸ்கள் தொற்றினாலும் ஃபைப்ரோபிளாஸ்ட் அப்படியேதான் இருக்கும். அவற்றை ஒப்பீட்டுக்கு வைக்கலாம். இன்னும் நல்ல வழி, சார்க் வெப்பத்தைப் பொறுத்து வேலை செய்யும் பிறழ்வு வைரஸ்: 36 டிகிரி செல்சியஸில் செல் மாறும், 41-ல் இயல்புக்குத் திரும்பும். கோழியின் உடல் வெப்பமே 41-ஐ ஒட்டியது என்பதால் செல்லுக்கும் சிரமமில்லை. அப்புறம், தொற்றாத செல்களையும் இரண்டு வெப்பத்திலும் வளர்க்க மறந்துவிடாதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது வைட்டமின் சி-யில். கொலாஜனில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும் நொதிக்கு அது தேவை. வளர்ப்பு ஊடகத்திலோ அது சீக்கிரம் கெட்டுவிடும். ஹைட்ராக்சிபுரோலினை மட்டும் அளந்தால், கொலாஜன் குறைந்ததா, அந்த வேலை மட்டும் நின்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வைட்டமின் சி-யைத் தினமும் புதிதாகச் சேர்த்துவிடுங்கள்.

கதிரியக்கப் புரோலின் கொடுத்து, கொலாஜனை வெட்டும் நொதியான பாக்டீரியக் கொலாஜினேஸால் செரித்து அளப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கொலாஜனில் மற்றப் புரதங்களைவிடச் சுமார் 5.4 மடங்கு புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் இருக்கின்றன. அந்தத் திருத்தத்தைப் போடாமல் சதவீதம் எழுதினால் கொலாஜனின் பங்கு ஊதித் தெரியும்.

செல் அடுக்கை மட்டும் சுரண்டி எடுத்து அளப்பதும் தப்பு. மாறிய செல்கள் தம்மேல் ஒட்டியிருக்கும் ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டுப் புரதத்தைப் பெருமளவு இழக்கின்றன. செய்த கொலாஜனும் தட்டில் தங்காமல் ஊடகத்தில் மிதக்கலாம். ஊடகத்தையும் சேர்த்து அளந்தால்தான் கணக்கு முழுமை.

மாறிய செல்கள் புரதம் அரிக்கும் நொதிகளை நிறையச் சுரக்கும். அதனால் ‘உற்பத்தி சரிதான், அரிப்புதான் காரணம்’ என்று வாதிடத் தோன்றும். இந்தக் கோழிச் செல்களில் அது மட்டும் போதாது: கொலாஜனுக்கான தூது ஆர்.என்.ஏ-வே குறைகிறது, ஜீனைப் படியெடுக்கும் வேகமும் இறங்குகிறது. ஆனால் வேறு வைரஸ், வேறு செல் என்றால் இதே விடையை எடுத்து ஒட்டாதீர்கள். குருத்தெலும்புச் செல் முக்கியமாகச் செய்வது இரண்டாம் வகைக் கொலாஜன், அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.